மலாக்காவா, ஜார்ஜ் டவுனா? விடுமுறைக்கு முந்திய ஒரு பயணத்தின் நாட்குறிப்பு

வியாழன், மலாக்கா

ஆண்டிறுதி விடுமுறையில் குடும்பத்தார் எல்லோரும் ஒரு வாரம் சேர்ந்து தங்குவது என்றும், தங்கும் ஊர் கடலோரத்துப் பழைய துறைமுக நகரமாக இருக்க வேண்டும் என்றும் வீட்டில் முடிவாகியிருக்கிறது. மலேசியாவின் மேற்குக் கரையில் அப்படிச் சொல்லத்தக்க நகரங்கள் இரண்டு: தெற்கே மலாக்கா, வடக்கே பினாங்குத் தீவில் ஜார்ஜ் டவுன். இரண்டையும் ஒரே விடுமுறையில் பார்த்துவிடலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆனால் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவு இருக்கிறது. எழுபதைக் கடந்த அம்மா, "பெட்டியை ஓர் ஊரில் திறந்தால் வீடு திரும்பும்போதுதான் மூட வேண்டும்" என்று ஒரே ஒரு நிபந்தனை விதித்திருக்கிறார். முழங்கால் வலியோடு பயணம் செய்பவர் அதைக் கேட்பது முற்றிலும் நியாயம். ஆகவே நானும் மனைவியும் முன்னதாக வந்து இரு நகரங்களையும் நடந்து பார்த்து முடிவெடுப்பது என்றும், அன்றன்றைக்குக் கண்டதை இரவில் இங்கே எழுதுவது என்றும் கிளம்பியிருக்கிறோம்.

தேர்வு எளிதல்ல என்பதற்கு ஒரு காரணம் உண்டு. யுனெஸ்கோ 2008 ஜூலை 7 அன்று இவ்விரு நகரங்களையும் மலாக்கா நீரிணையின் வரலாற்று நகரங்கள் என்ற ஒரே பதிவாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 15ஆம் நூற்றாண்டின் மலாய்ச் சுல்தானகம், அதன்பின் வந்த போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர் ஆகியோரின் காலங்கள் மலாக்காவில் படிந்திருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கும் பிரிட்டிஷ் காலத்தை ஜார்ஜ் டவுன் காட்டுகிறது. ஒன்றின் கதை தளரும் இடத்தில் மற்றொன்றின் கதை தொடங்குவதால், ஒன்றை மட்டும் பார்ப்பவர் பாதிக் கதையோடு வீடு திரும்புகிறார்.

கோலாலம்பூரிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத்தில் மலாக்கா வந்துவிட்டோம். நகரத்துக்கு ரயில் கிடையாது. மிக அருகிலுள்ள நிலையம் தம்பின் பக்கம், முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. முன்பு தம்பினிலிருந்து மலாக்கா வரை ஒரு கிளைப்பாதை இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அதன் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்து, சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட பாதைக்குக் கொண்டுபோனார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஓட்டிச் செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரவர் உயிரைக் குடித்த பாதை அதுதான். ஓர் ஊருக்கு ஏன் ரயில் இல்லை என்று கேட்டால் இப்படியொரு விடை வரும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை. பேருந்து நிலையத்திலிருந்து விடுதி வரும் வரை நாங்கள் இருவரும் அதைப் பற்றியேதான் பேசிக்கொண்டு வந்தோம்.

மாலையில் ஆற்றங்கரையில் மட்டும் சிறிது நடந்தோம். நகரை இரண்டாகப் பிரித்து ஓடும் மலாக்கா ஆறு அகலமானதல்ல. இருகரையிலும் நடைபாதை அமைத்து, வீடுகளின் பின்சுவர்களில் ஓவியங்கள் தீட்டியிருக்கிறார்கள். நடைபாதை பெரும்பாலும் சமதரையாக இருப்பதால் அம்மாவால் இங்கே தயக்கமின்றி நடக்க முடியும் என்று மனைவி முதல் குறிப்பை எழுதிக்கொண்டாள்.

வெள்ளி, மலாக்கா

வெயில் ஏறுவதற்கு முன் செயின்ட் பால் குன்றில் ஏறினோம். சிறு குன்றுதான், நின்று நின்று ஏறினால் முழங்கால் வலிக்காரரும் ஏறிவிடலாம். உச்சியில் கூரையில்லாமல் நிற்கும் தேவாலயம் 1521இல் போர்ச்சுக்கீசியர் எழுப்பிய சிறு வழிபாட்டு இடத்திலிருந்து வளர்ந்தது. சீனக் கடற்கரைக்கு அருகே ஒரு தீவில் இறந்த புனித பிரான்சிஸ் சேவியரின் உடல் 1553இல் சில மாதங்கள் இங்கே வைக்கப்பட்டிருந்து, பிறகு கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டது. டச்சுக்காரர்கள் கீழே தங்களுக்கென்று கிறைஸ்ட் சர்ச்சைக் கட்டிக்கொண்ட பின் இந்தக் குன்று கல்லறை இடமாயிற்று. பிரிட்டிஷார் வந்ததும் வெடிமருந்துக் கிடங்காயிற்று. உள்ளே சுவரோரமாகச் சாத்தி வைத்திருக்கும் ஆளுயரக் கல்லறைப் பலகைகளில் கப்பலும் மண்டையோடும் குலச்சின்னங்களும் அவ்வளவு ஆழமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஆட்சி மாறும்போது ஒரே கட்டடத்துக்கு என்னவெல்லாம் நேரும் என்பதைக் குழந்தைகளுக்குக் காட்ட இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியாது.

அங்கிருந்து மறுபக்கம் இறங்கினால் சான்டியாகோ வாயில். 1511இல் மலாக்காவைப் பிடித்த அபோன்சோ டி அல்புகெர்க் கட்டத் தொடங்கிய கோட்டையில் இன்று முழுமையாக மிஞ்சியிருப்பது இந்த ஒரு வாயில்தான். மேலே பொறித்திருக்கும் 1670 என்ற ஆண்டு, 1641இல் நகரைக் கைப்பற்றிய டச்சுக் கம்பெனியார் அதைப் புதுப்பித்தபோது வைத்தது. கோட்டை என்னவாயிற்று என்ற கேள்விக்கான விடையில்தான் எங்கள் பயணத்தின் இரு நகரங்களும் சந்திக்கின்றன.

ஐரோப்பாவில் நடந்த போர்களின் காரணமாக 1795இல் மலாக்கா தற்காலிகமாகப் பிரிட்டிஷார் கைக்கு வந்தது. போர் முடிந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்புதான் அவர்கள் பினாங்கில் புதிய துறைமுகத்தைத் தொடங்கியிருந்தார்கள். வலுவான கோட்டையோடு மலாக்கா மீண்டும் டச்சுக்காரரிடம் போனால் பினாங்கின் வணிகம் கெடும் என்று கணக்குப் போட்ட கிழக்கிந்தியக் கம்பெனி, கோட்டையைத் தகர்க்கவும் மலாக்கா மக்களைப் பினாங்குக்குக் குடிபெயர்க்கவும் முடிவெடுத்தது. 1807இல் வெடிமருந்து வைத்துக் கோட்டை பிளக்கப்பட்டது. இவ்வூரில் பிறந்தவரும் தமிழ், அரபு வழி வந்தவருமான முன்ஷி அப்துல்லா அந்தக் காட்சியைச் சிறுவனாகக் கண்டு பிற்காலத்தில் எழுதிவைத்திருக்கிறார்: யானையளவும் வீட்டளவும் கொண்ட கற்கள் மேலே எழும்பிக் கடலில் விழுந்தனவாம். அந்தச் சமயத்தில் பினாங்கில் கம்பெனி அலுவலராக இருந்த ஸ்டாம்போர்டு ராபிள்ஸ், உடல்நலம் தேறுவதற்காக மலாக்கா வந்திருந்தார். தலைமுறை தலைமுறையாக இங்கே வேர்விட்ட மக்கள் கிளம்ப மாட்டார்கள் என்றும், ஊரை அழிப்பது தவறு என்றும் அவர் எழுதிய அறிக்கையால் குடிபெயர்ப்புத் திட்டம் கைவிடப்பட்டது. அதற்குள் கோட்டை போய்விட்டது. வாயில் மட்டும் தப்பியது.

மலாக்காவா பினாங்கா என்ற கேள்வியை நாங்கள் விடுமுறைக்காகக் கேட்கிறோம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கம்பெனி, ஒன்றை வாழவைக்க மற்றொன்றை அழிக்கலாமா என்று கேட்டிருக்கிறது. வாயிலின் உட்புற நிழலில் நின்று மனைவிக்கு இதைச் சொன்னபோது, "அப்படியானால் இந்த ஊரைப் பார்க்காமல் அந்த ஊருக்குப் போவது மரியாதையாக இருக்காதே" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

டச்சுச் சதுக்கத்தைப் பற்றி நிறைய எழுத வேண்டியதில்லை. 1650இல் கட்டிய ஸ்டாட்ஹைஸ் மாளிகையும் 1753இல் முடிந்த கிறைஸ்ட் சர்ச்சும் ஒரே செந்நிறத்தில் நிற்பதை எல்லோரும் படங்களில் பார்த்திருக்கிறார்கள். அந்தச் செந்நிறம் டச்சுக்காலத்தது அல்ல. அப்போது இவை வெள்ளைக் கட்டடங்கள். பூவும் பொம்மையும் விளக்கும் வைத்து அலங்கரித்த மூன்று சக்கர வண்டிகள் உரத்த பாட்டோடு வட்டமிடுவதைக் குழந்தைகள் மிகவும் விரும்புவார்கள். அம்மா அங்கே பத்து நிமிடங்களுக்கு மேல் இருக்க மாட்டார்.

இரவில் ஜோங்கர் தெருவின் வார இறுதிச் சந்தைக்குப் போனோம். வெள்ளி முதல் ஞாயிறு வரை மாலையில் தெருவை வண்டிகளுக்கு அடைத்துவிடுகிறார்கள். கூட்டம் தோளோடு தோள் உரசுகிறது. வார நாட்களில் தங்குவதே மலாக்காவுக்கு நல்லது என்பது என் எண்ணம்.

சனி, மலாக்கா

தங்கம் செய்வோர் தெரு என்று பொருள்படும் துக்காங் ஏமாஸ் தெருவும் அதை ஒட்டிய தொக்கோங் தெருவும் மலாக்காவின் இதயம் என்று நான் கருதுகிறேன். சில நூறு அடிகளுக்குள், டச்சுக்காரர் கொடுத்த நிலத்தில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில், 18ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்கும் கம்போங் கிளிங் பள்ளிவாசல், 17ஆம் நூற்றாண்டில் தோன்றிய செங் ஹூன் தெங் சீனக் கோயில் மூன்றும் இருக்கின்றன. பள்ளிவாசலின் மினாரா சீனப் பகோடாவைப் போல அடுக்கடுக்காக ஏறுகிறது; கூரை ஜாவா பாணியில் அடுக்குக் கூம்பாக இருக்கிறது; உள்ளே தூண்கள் ஐரோப்பியப் பாணியில் அமைந்திருக்கின்றன. விநாயகர் கோயிலில் கோபுரம் பெரிதல்ல. யானைமுகத்து மூலவரைக் கண்டு வெளியே வந்தால் அடுத்த சில வீடுகளைத் தாண்டிப் பள்ளிவாசலின் நீர்த்தொட்டி. அம்மா இந்தத் தெருவில் நீண்ட நேரம் இருக்க விரும்புவார்.

இத்தனை மக்கள் இங்கே ஏன் சேர்ந்தார்கள் என்பதற்குக் காற்றுதான் காரணம். தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்து வங்கக் கடல் தாண்டி வந்த கப்பல்களும், வடகிழக்குப் பருவக்காற்றில் சீனக் கரையிலிருந்து வந்த கப்பல்களும் இந்த நீரிணையில் சந்தித்தன. வந்தவர்கள் திரும்பிப்போக எதிர்க்காற்று எழும் வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்த இடத்தில் கிடங்கு, பிறகு வீடு, பிறகு திருமணம், பிறகு ஒரு புதிய இனம். சுல்தான்கள் வணிகர்களைக் கவனிக்க ஷாபந்தர் எனப்படும் துறைமுக அதிகாரிகள் நான்கு பேரை நியமித்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் குஜராத்தியருக்கு மட்டும், இன்னொருவர் தமிழர் உள்ளிட்ட வங்கக் கடல் வணிகர்களுக்கு. 1512 முதல் சில ஆண்டுகள் இங்கே இருந்த போர்ச்சுக்கீசியர் டோமே பிரெஸ், இந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதினார்.

அந்தக் காத்திருப்பின் விளைவை நேரில் பார்க்க, பழைய நகரத்திலிருந்து சற்றுத் தள்ளி காஜா பெராங்கில் இருக்கும் கம்போங் செட்டிக்குப் போனோம். சுல்தான்கள் காலத்தில் வந்து தங்கிய தமிழ் வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவான சமூகம் மலாக்கா செட்டிகள். அவர்களின் பேச்சுமொழி மலாய். பெண்கள் உடுத்துவது சாரோங்கும் கெபாயாவும். வணங்குவது மாரியம்மனையும் விநாயகரையும். 1822இல் கட்டிய முத்து மாரியம்மன் கோயில் அவர்களுடையது. போகிப் பண்டிகையன்று இறந்த முன்னோருக்கு வாழையிலையில் படையல் இடும் வழக்கத்தை அவர்கள் இன்றும் விடவில்லை. ஊர்ச் சிறு அருங்காட்சியகத்தில் எங்களுக்கு விளக்கம் சொன்ன பெரியவர் நாங்கள் தமிழர் என்று அறிந்ததும் மலாயில் தொடங்கி, தமிழில் தாம் அறிந்த சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினார். சாமி, பொங்கல், தாலி, விபூதி. அறுநூறு ஆண்டுகளில் மொழி போய்விட்டது, வழிபாடு போகவில்லை. இதைப் பற்றி வருத்தப்படுவதா மகிழ்வதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் அக்காவின் பிள்ளைகள் இந்த ஊரையும் இந்த மனிதர்களையும் ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பதில் ஐயமில்லை.

மாலையில் கடலைத் தேடிப் போனோம். தேட வேண்டியிருந்தது என்பதே மலாக்காவின் குறை. முன்னொரு காலத்தில் அலை வந்து மோதிய கோட்டைப்புறம் இன்று கடைத்தொகுதிகளுக்கும் சாலைகளுக்கும் நடுவில் இருக்கிறது. கடலை மண்ணிட்டு நிரப்பி, கரையை வெகுதூரம் தள்ளிவிட்டார்கள். ஹீரன் தெருவின் செல்வந்தர் வீடுகளில் ஒரு வரிசைக்குப் பின்கட்டிலேயே கடல் இருந்ததாம். நாங்கள் செயற்கைத் தீவான மலாக்காத் தீவு வரை சென்று, 2006இல் திறக்கப்பட்ட நீரிணைப் பள்ளிவாசலின் அருகே நின்றுதான் கடலை முழுமையாகப் பார்த்தோம். நீரின் மேல் தூண்களில் நிற்கும் அந்தக் கட்டடம் மிக அழகானது. ஆனால் கடலோர நகரத்தில் ஒரு வாரம் தங்குகிறவர் காலையில் எழுந்து நடந்துபோய்க் கடலைப் பார்க்க முடிய வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பேன். குழந்தைகள் கால் நனைக்கவும் பழைய நகரத்தின் அருகே இடமில்லை.

ஞாயிறு, வழியில்

பேருந்தில் கோலாலம்பூர், அங்கிருந்து மின்ரயிலில் பட்டர்வொர்த், பிறகு படகு. ரயில் பயணம் நான்கு மணி நேரம். இருக்கை வசதியானது, தாமதமுமில்லை. 1894 முதல் பினாங்கு நீரிணையில் ஓடும் படகுச் சேவையில் ஏறித் தீவை நெருங்குவதே ஜார்ஜ் டவுனுக்குள் நுழையச் சிறந்த வழி. 1985இல் திறந்த பாலத்தின் வழியே காரில் வந்திருந்தால் நகரம் இப்படித் தன் முகத்தைக் காட்டியிருக்காது: முதலில் மலை, பிறகு அதன் அடியில் உயர்ந்த கட்டடங்கள், கடைசியில் தண்ணீரின் விளிம்பில் ஓட்டுக்கூரைகள். விடுதிக்கு வந்ததும் உறங்கிவிட்டோம்.

திங்கள், ஜார்ஜ் டவுன்

பிரான்சிஸ் லைட் 1786இல் இத்தீவில் இறங்கிக் கம்பெனியின் கொடியை ஏற்றினார். அவர் வகுத்த நேர்க்கோட்டுத் தெருக்களில்தான் நகரம் இன்னும் நடக்கிறது: லைட் தெரு, கடற்கரைத் தெரு, சூலியாத் தெரு, பிட் தெரு. பெயரளவில் கடற்கரைத் தெரு இன்று கடலோரத்தில் இல்லை. இங்கும் 19ஆம் நூற்றாண்டில் கரையை நிரப்பி வெல்டு துறைமேடையை அமைத்தார்கள். ஆனால் அதைத் தாண்டினால் கடல் உண்மையாகவே இருக்கிறது. காலையில் கார்ன்வாலிஸ் கோட்டையைச் சுற்றி, 1903இல் கட்டிய நகர மண்டபத்தின் முன்னுள்ள திடலைக் கடந்து, கடற்சுவர் ஓரமாக நடந்தோம். முதியவர்கள் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். அம்மாவின் காலை நடைக்கு இடம் கிடைத்துவிட்டது என்று நான் சொல்வதற்கு முன்பே மனைவி அதை எழுதிவிட்டாள்.

பிட் தெருவுக்கு இன்றைய பெயர் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் சாலை. அதன் ஒரு முனைப்பக்கம் 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம்; சற்று நடந்தால் புகை நிறைந்த குவான் யின் கோயில்; அதற்கு அடுத்தாற்போல் உட்புறத்தில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில்; பிறகு 1801இல் தமிழ் முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் நிறுவிய பெரிய பள்ளிவாசல். மலாக்காவில் கண்ட அதே அண்மை, ஆனால் அளவில் பெரியது. தமிழ்க் கரையிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்களை இங்கே சூலியாக்கள் என்றார்கள். அவர்கள் கடலுக்கு அப்பால் விட்டுவந்த நாகூரை மறக்க முடியாமல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சூலியாத் தெருவின் மூலையில் நாகூர் தர்காவின் நினைவாக ஒரு சிறு தர்காவை எழுப்பினார்கள். சுற்றுப்புறச் சுவரில் கடைகளை வைத்துக்கொண்டு அது இன்னும் நிற்கிறது. அங்கே பூ விற்றுக்கொண்டிருந்த முதியவர், "எங்க தாத்தா நாகப்பட்டினத்துல கப்பல் ஏறுனவரு தம்பி, ரஜுலாவுக்கும் முந்தி" என்றார். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய ரஜுலா கப்பல் 1926இல் கட்டப்பட்டது. அதற்கும் முந்திய கப்பலின் பெயர் அவருக்குத் தெரியவில்லை.

இந்த நகரத்தில் தமிழ் தெருவில் கேட்கிறது என்பதுதான் மலாக்காவுக்கும் இதற்கும் நான் உணர்ந்த முதல் வேறுபாடு. அங்கே தமிழர் வரலாறு ஆழமானது. இங்கே தமிழர் வாழ்வு கண்முன் நடக்கிறது. குட்டி இந்தியாவின் தெருக்களில் மளிகை, பாத்திரம், பூ, சேலை என்று அன்றாடத் தேவைக்குக் கடை வைத்திருக்கிறார்கள். வாங்குபவர்களும் பெரும்பாலும் இந்த ஊர்க்காரர்களே. அம்மா இங்கே யாருடைய உதவியுமின்றிப் பேசலாம், வாங்கலாம், கோயிலுக்குப் போய்வரலாம். ஒரு வாரம் தங்கும் முதியவருக்கு அந்தச் சுதந்திரம் எவ்வளவு பெரியது என்பதை அவரோடு வெளியூர் போனவர்கள் அறிவார்கள்.

இவ்வளவு பழைய வீடுகள் எப்படித் தப்பின என்ற கேள்வி மாலை முழுதும் மனத்தில் இருந்தது. உலகப் பாரம்பரிய எல்லைக்குள் மலாக்காவில் ஏறத்தாழ 45 ஹெக்டேர் வருகிறது, இங்கே 109 ஹெக்டேர். பெரும் பகுதிக்குக் காரணம் வாடகைச் சட்டம். 1948க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. அதனால் உரிமையாளருக்கு இடித்துக் கட்ட ஆசையிருந்தும் வழியில்லை, குடியிருந்த எளியவர்களும் தெருவை விட்டுப் போகவில்லை. 2000ஆம் ஆண்டோடு அந்தக் கட்டுப்பாடு நீங்கியபோது பல குடும்பங்கள் வெளியேற வேண்டியதாயிற்று. பாரம்பரியத் தகுதி வந்தபின் கடைவீடுகள் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. நாங்கள் தங்கியிருக்கும் அறையும் ஒரு காலத்தில் ஒரு குடும்பத்தின் கூடமாக இருந்திருக்கும். விடுமுறைக்கு வருகிறவர்கள் இதை அறிந்து வர வேண்டும் என்று நினைக்கிறேன். தெரிந்துகொண்டால், இன்னும் இங்கேயே வாழ்கிறவர்களின் கடையில் பொருள் வாங்கவாவது தோன்றும்.

செவ்வாய், ஜார்ஜ் டவுன்

காலையில் பினாங்கு மலை. 1923இல் ஓடத் தொடங்கிய மலை ரயிலை 2011இல் முற்றிலும் புதுப்பித்திருக்கிறார்கள். முன்பு இடையில் வண்டி மாற வேண்டியிருந்தது, இப்போது ஒரே ஏற்றத்தில் சில நிமிடங்களில் உச்சி. கடல்மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேல் நிற்கும் அந்த இடத்தில் காற்று குளிர்ந்திருந்தது. முருகன் கோயிலும் பள்ளிவாசலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கீழே நகரமும் நீரிணையும் பாலமும் தெரிந்தன. வடக்கே மூட்டம் விலகியபோது மறுகரையில் ஒரு தனி மலை எழுந்து நின்றது: ஜெராய் மலை. அதன் அடிவாரத்திலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கில்தான் இந்துக் கோயில்களின் அடித்தளங்களும் பௌத்தச் சின்னங்களும் தோண்டியெடுக்கப்பட்டிருக்கின்றன. முதலாம் இராசேந்திர சோழனின் கப்பற்படை 1025ஆம் ஆண்டையொட்டித் தாக்கிய கடாரம் அந்தக் கரையே. கடலில் வந்த மாலுமிகளுக்கு அந்த மலைதான் அடையாளம். மலாக்காவோ ஜார்ஜ் டவுனோ பிறக்காத காலத்தில் தமிழ்க் கப்பல்கள் தேடிவந்த கரையைப் பார்த்துக்கொண்டு நாங்கள் பேச்சின்றி நெடுநேரம் நின்றோம். மலாக்கா எனக்கு அறுநூறு ஆண்டுகளைக் காட்டியது என்றால், பினாங்கு மலை ஆயிரத்தைத் தொட்டுக் காட்டிவிட்டது.

இறங்கும் வழியில் தண்ணீர்மலை முருகன் கோயிலின் அடிவாரம் வரை போனோம். 500க்கும் மேற்பட்ட படிகள். தைப்பூசத்துக்குக் காவடி வந்து சேரும் இடம். அம்மா ஏற முடியாது. அடிவாரத்துப் பிள்ளையாரோடு நிறைவு கொள்ளச் சொல்ல வேண்டும்.

பிற்பகலில் வெல்டு துறைமேடையின் ஓரத்திலுள்ள குலத் துறைகளுக்குச் சென்றோம். சீனத்திலிருந்து வந்த ஒவ்வொரு குலத்தாரும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் கடலுக்குள் கால் நட்டு மரவீடுகள் கட்டி, குலப்பெயரையே துறைக்கும் வைத்தார்கள். சியூ துறை பெரியது, அங்கே நினைவுப் பொருட்கடைகள் மிகுதி. அதற்கு அப்பாலுள்ள சிறு துறைகளில் துணி காய்கிறது, பாட்டிமார் வாசலில் அமர்ந்திருக்கிறார்கள், பலகையின் இடுக்கில் கீழே அலை அசைவது தெரிகிறது. இவை குடியிருப்போரின் வாசல்கள் என்பதை மறந்து சிலர் வீட்டுக்குள் கேமராவை நீட்டுவதைக் கண்டோம். பிள்ளைகளை அழைத்து வரும்போது முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும். கூ குலத்தாரின் மண்டபம் வேறு வகை. முந்தைய கட்டடம் 1901இல் எரிந்துபோக, 1906இல் எழுந்த இன்றைய மண்டபத்தில் கல்லிலும் மரத்திலும் செதுக்காத இடமென்று எதுவும் இல்லை.

2012இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச் ஆர்மேனியத் தெருவில் உண்மையான சைக்கிளை வைத்துத் தீட்டிய குழந்தைகளின் முன் படமெடுக்க நீண்ட வரிசை. எங்கள் குழந்தைகளும் அந்த வரிசையில் நிற்பார்கள், நிற்கட்டும்.

புதன், ஜார்ஜ் டவுன்

முடிவெடுத்துவிட்டோம்: குடும்பத்தோடு வருவது ஜார்ஜ் டவுனுக்கு.

காரணங்களைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இது மலாக்காவைத் தாழ்த்தும் முடிவன்று. வரலாற்றைப் படித்தறிய வருகிறவர் ஒருவரோ இருவரோ என்றால் நான் தயங்காமல் மலாக்காவைச் சொல்வேன். அது சிறியது, செறிவானது, கால்நடையாகவே அடுக்கடுக்காக விரிவது. செயின்ட் பால் குன்றும் கம்போங் செட்டியும் எனக்குக் கொடுத்ததை இங்கே எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் இரண்டு, மூன்று நாட்களில் அது தன்னைச் சொல்லி முடித்துவிடுகிறது. ஒரு வாரத்துக்கு, மூன்று தலைமுறைகளுக்கு, தினமும் வேறு வேறு தேவைகள் எழும். அம்மாவுக்குக் கோயிலும் தமிழ்ப் பேச்சும் காலை நடைக்குக் கடற்சுவரும். குழந்தைகளுக்கு மலை ரயிலும் படகும் வடகரையில் பத்து பெரிங்கியின் மணலும். அக்காவுக்கு நூற்றுக்கணக்கான கடைவீடுகளும் அவற்றின் தரையோடுகளும். பழைய நகரத்துக்குள் சுற்றிவரும் கட்டணமில்லாப் பேருந்தில் அம்மா விரும்பும்போது ஏறி விரும்பும் இடத்தில் இறங்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இங்கே கடல் ஊரை விட்டுப் போகவில்லை.

காலநிலையும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. பினாங்கில் மழை செப்டம்பர் முதல் நவம்பர் வரை மிகுதி. நாங்கள் வரவிருக்கும் ஆண்டின் கடைசி வாரத்தில் பெருமழையைக் கிழக்குக் கரை வாங்கிக்கொள்ளும், மேற்குக் கரை பெரும்பாலும் வெளுத்திருக்கும்.

மலாக்காவுக்கு நானும் மனைவியும் தனியே, வார நாட்களில், போகி வரும் ஜனவரியில் திரும்பிப் போவதென்றும், முடிந்தால் அக்காவின் மூத்த மகளை மட்டும் அழைத்துப் போவதென்றும் பேசியிருக்கிறோம். அவளுக்கு வரலாற்றில் ஆர்வம் உண்டு. சான்டியாகோ வாயிலின் கதையை நான் சொல்வதை விட அவளே அங்கு நின்று கேட்பது நல்லது.

இன்று மாலை அறைகளைப் பார்க்கச் சென்றோம். பழைய கடைவீடுகளைப் புதுக்கிய விடுதிகள் அழகானவை, ஆனால் மாடிக்குப் போகும் மரப்படிகள் செங்குத்தானவை, பெரும்பாலானவற்றில் மின்தூக்கி கிடையாது. முற்றத்தை ஒட்டித் தரைத்தளத்தில் அறையுள்ள ஒரு விடுதி சூலியாத் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் கிடைத்தது. மகா மாரியம்மன் கோயிலுக்கு நடந்துபோகும் தூரம், முன்வாசலில் ஒரே ஒரு படி. அம்மாவுக்கு அந்த அறையையும், மற்றவர்களுக்கு மேலே இரண்டு அறைகளையும் கேட்டிருக்கிறோம். நாளைக் காலை உறுதி செய்துவிட்டு ஊர் திரும்புகிறோம்.